மூன்று மாதம், ஒரே கதவு

2012இல் பெங்களூரில் கேம் டெஸ்டராகச் சேர்ந்தபோது என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "கம்ப்யூட்டர்ல செக் பண்ற வேலைம்மா" என்றேன். அம்மா அதை பேங்கில் செக் பாஸ் பண்ணுகிற உத்தியோகம் என்று எடுத்துக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுக்க எனக்கும் மனசு வரவில்லை. ராத்திரி எட்டு மணிக்குப் போய் விடிய விடியத் துப்பாக்கி சுடுகிறேன் என்பதைவிட இது கௌரவமாக இருந்தது.

வெளிநாட்டு ஸ்டூடியோ ஒன்று உருவாக்கிக்கொண்டிருந்த கேம் அது. பாழடைந்த விண்வெளி நிலையம், நான்கு பேர் கொண்ட படைக்குழு. அதில் ஒருவராக நாம் ஆடுவோம், மற்ற மூவரையும் கம்ப்யூட்டர் நடத்தும். பேரைச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து போட்டிருக்கிறேன். சொன்னாலும் பயனில்லை, அது வெளிவரவே இல்லை.

சேர்ந்த முதல் வாரம் எங்கள் லீட், அதாவது டீம் தலைவர், மதுரைக்காரர், ஒரு டிஸ்க்கைக் கையில் கொடுத்தார். 'ஸ்டார் வார்ஸ்: ரிபப்ளிக் கமாண்டோ'. லூக்காஸ் ஆர்ட்ஸ் 2005இல் எக்ஸ்பாக்ஸுக்கும் விண்டோஸுக்கும் வெளியிட்டது. "ரெண்டு நாள் விளையாடு தம்பி. எதிரியைப் பாக்காத. கூட வர்ற மூணு பேரை மட்டும் பாரு" என்றார். அப்போது அது விளங்கவில்லை. சுடுகிற கேமில் எதிரியைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது?

அந்த கேமில் நமக்குப் பெயர் 'பாஸ்'. கூட வருபவர்கள் ஃபிக்ஸர், ஸ்கார்ச், செவ். நால்வருமே ஒரே ஆளின் அச்சில் வார்த்த குளோன்கள். முகம் ஒன்றுதான், ஆனால் குரலும் குணமும் வேறு. ஃபிக்ஸர் விதிமுறை தப்பாதவன். ஸ்கார்ச்சுக்குக் குண்டு வைப்பதும் ஜோக்கடிப்பதும் தொழில். செவ் எத்தனை பேரைச் சுட்டான் என்று கணக்கு வைத்துக்கொண்டே வருவான். பாஸுக்குக் குரல் கொடுத்தவர் டெமுவேரா மாரிசன். ஸ்டார் வார்ஸ் படத்தில் குளோன்களின் மூல ஆளாக நடித்தவரே இவர்தான் என்பதால், காதில் விழும் அந்தக் குரலுக்கு ஒரு நியாயம் இருந்தது.

எல்லாவற்றையும் நம் ஹெல்மெட்டின் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்போம். பூச்சி மாதிரியான எதிரி பக்கத்தில் வெடித்தால் கண்ணாடியில் சொதசொதவென்று தெறிக்கும். ஒரு ஒளிக்கோடு வந்து மழையில் பஸ் வைப்பர் ஓடுவதுபோலத் துடைத்துவிட்டுப் போகும். கேமுக்கு அது தேவையே இல்லை, ஆனால் அதை முதலில் பார்த்தபோது நான் சும்மா நாலு தடவை போய் அழுக்காகிக்கொண்டு வந்தேன்.

கட்டளைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பட்டன். சுவரோரமாகப் பார்த்தால் துப்பாக்கியோடு குந்தியிருக்கும் மங்கலான ஒளி உருவம் ஒன்று தெரியும். பட்டனை அழுத்தினால் யாராவது ஒருவன் ஓடிப்போய் அதே மாதிரி உட்கார்ந்துவிடுவான். கதவைப் பார்த்து அழுத்தினால் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்வார்கள். என்ன புத்திசாலிப் பயல்கள் என்று தோன்றும். இரண்டாம் நாள்தான் உறைத்தது. புத்தி அவர்களுடையது இல்லை. எங்கே குந்துவது, எந்தக் கதவை உடைப்பது என்று லெவல் டிசைனர் ஒருவர் முன்கூட்டியே யோசித்து இடம் குறித்து வைத்திருக்கிறார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் வியர்க்க விறுவிறுக்க ஓடுவார், பேர் மாப்பிள்ளைக்குப் போகும். அந்தக் கதைதான்.

சரி, எங்கள் கேமுக்கு வருகிறேன். அதில் அப்படி இடம் குறித்து வைக்கிற வேலை பாதிக்கு மேல் முடியவில்லை. அதனால் மூவரும் சொந்தப் புத்தியில் நடமாட வேண்டியிருந்தது. சொந்தப் புத்தி என்றால், தரையில் எங்கெல்லாம் நடக்கலாம் என்று விரித்த கண்ணுக்குத் தெரியாத வலை ஒன்று, அதன் மேல் வழி தேடும் ஏ-ஸ்டார் என்ற 1968ஆம் வருஷத்துக் கணக்கு. வினாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம், ஓட வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 33 மில்லிசெகண்ட். அதில் பெரும் பங்கைப் படம் வரைகிற வேலை தின்றுவிடும். மிச்சம் மீதியில்தான் இந்த மூன்று பேரும் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது லெவலில் ஒரு கதவு இருந்தது. ஏர்லாக் கதவு, கொஞ்சம் குறுகல். அந்த வலையை ஆளின் உடம்பு அகலத்துக்குத் தகுந்தபடி ஓரங்களில் சுருக்கி வைப்பார்கள், சுவரில் தோள் உரசாமல் இருக்க. சுருக்கியதில் கதவுக்குள் ஒரு ஆள் போகிற அளவுக்கு மட்டும் வழி மிஞ்சியது. நான் முன்னால் போய்விடுவேன். பின்னால் வருகிற மூவரில் இருவர் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தால் இவன் அவனுக்கு வழிவிட்டு ஒரு எட்டு பின்வாங்குவான், அவன் இவனுக்கு வழிவிட்டு ஒரு எட்டு பின்வாங்குவான். இருவரும் சேர்ந்து முன்னால் வருவார்கள். மறுபடி பின்வாங்குவார்கள். அந்தப் பக்கம் நான் தனியாகச் செத்துக்கொண்டிருப்பேன்.

கேமில் வரும் கோளாறைத்தான் பக் என்போம். இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'நீங்க போங்க பக்'. பக்குகளைப் பதிவு செய்யும் ஜிரா என்ற மென்பொருளில் ஏதோ மரியாதையான ஆங்கிலத் தலைப்பு இருந்தது, டீமில் எல்லாரும் சொன்னது இதைத்தான். தமிழே தெரியாத ஒடிசா பையன்கூட ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு "நீங்க போங்க மறுபடி வந்திருச்சு" என்று சத்தமாகச் சொல்வான். அவனுக்குத் தெரிந்த முதல் தமிழ் வாக்கியம் அது.

பக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. எப்படிச் செய்தால் தவறாமல் வரும் என்று காட்டுவதுதான் வேலை. பத்துக்கு எட்டு முறை வந்தால் டெவலப்பர் பார்ப்பார், ஒரு முறை வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அதே கதவுக்கு ஒரு ஷிஃப்டில் நூறு தடவை போவேன். இடது பக்கமாக வந்து, வலது பக்கமாக வந்து, ஓடி, நடந்து, பின்னோக்கி நடந்து, காயம்பட்டவனைப் பின்னால் வைத்து, குண்டு தீர்ந்தவனை முன்னால் வைத்து. மூன்று மாதம். அந்தக் கதவின் வலது மேல் மூலையில் பெயிண்ட் உரிந்த மாதிரி ஒரு டெக்ஸ்சர் இருக்கும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அது தெரிகிறது. என் வீட்டுக் கதவு என்ன நிறம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடைசியில் வந்த தீர்வு எளிமையானது. வாசலில் இருவர் மூன்று வினாடிக்கு மேல் நின்றால், பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனைத் தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்துவிடுவான். அவ்வளவுதான்.

இன்னொரு பக் சிரிப்பாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. நாம் சுடும்போது கூட்டாளி குறுக்கே வந்துவிடுகிறான் என்று எல்லா டெஸ்டர்களும் புகார் எழுதினோம். அடுத்த பில்டில், அதாவது சோதிக்க வரும் கேமின் அடுத்த வடிவத்தில், சரிசெய்தார்கள். நம் துப்பாக்கி அவன் பக்கம் திரும்பினால் அவனே விலகிக்கொள்வான். நல்லதுதான், ஆனால் ஃபர்ஸ்ட் பெர்சன் கேமில் பார்வையும் துப்பாக்கியும் ஒன்றுதானே. அவன் முகத்தைப் பார்க்க நான் திரும்பினாலே அவன் நகர்ந்துவிட்டான். மறுபடி திரும்பினேன், மறுபடி நகர்ந்தான். அடி வாங்கிப் பழகிய நாய் கையைத் தூக்கினாலே ஒதுங்குமே, அப்படி. அன்று ராத்திரி ஒரு மணிக்கு, கூட வந்த மூவரும் என்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று ஒரு பக் எழுதினேன். இரண்டு நாளில் சரியானது. சுட ஆரம்பித்தால் மட்டும் விலகுவது, சும்மா பார்த்தால் நிற்பது என்று மாற்றியிருந்தார்கள்.

இதற்கிடையில் லீட் எங்களுக்கு ஓய்வு நேரத்தில் பாடம் எடுப்பார். 2005இல் வந்த 'ஃபியர்' கேமின் எதிரிகள் ரொம்ப புத்திசாலிகள் என்று பேர் வாங்கியவர்கள். அதன் ஏ.ஐ. எழுதிய ஜெஃப் ஆர்கின் மறு வருஷம் ஒரு கட்டுரையில் உள்ளே இருப்பதைப் பிரித்து வைத்துவிட்டார். நடத்தை நிலைகள் மொத்தமே மூன்று. மிச்சமெல்லாம் திட்டமிடும் ஒரு முறை, அதோடு பேச்சு. ஒருவன் அடிபட்டால் இன்னொருவன் என்ன ஆச்சு என்று கேட்பான், இவன் பதில் சொல்வான். நாம் ஒட்டுக்கேட்கிறோம். கூடிப் பேசித் திட்டம் போட்டு நம்மைச் சுற்றி வளைக்கிறார்கள் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். "வாய் உள்ள புள்ள பொழச்சுக்கும்னு சொல்வாங்கல்ல, அதான் இது" என்பார் லீட்.

இதை மனதில் வைத்துக்கொண்டிருந்ததால்தான் ஒரு பக்குக்காகச் சண்டை போட்டேன். எங்கள் கேமில் நாம் அடிபட்டு விழுந்தால் உடனே முடிந்துவிடாது. கூட்டாளி ஒருவன் வந்து எழுப்பிவிடுவான். ரிபப்ளிக் கமாண்டோவிலும் அப்படித்தான், நால்வரும் விழுந்தால்தான் கதை முடியும். எழுப்பும்போது எங்கள் ஆட்கள் ஏதாவது ஒரு வரி பேசுவார்கள். ஒரு செக்பாயிண்டிலிருந்து, அதாவது ஆட்டம் சேமிக்கப்பட்ட இடத்திலிருந்து, மறுபடி தொடங்கினால் அந்தக் குரல் மட்டும் காணாமல் போனது. மற்றதெல்லாம் சரி. ஓடி வருவான், மண்டியிடுவான், ஊசி குத்துவான், எழுந்து போய்விடுவான், வாயே திறக்காமல்.

அவசரமில்லாத 'சி' தரத்தில் போட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள். விளையாட்டைப் பாதிக்கவில்லையாம். நான் மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார்கள். மூன்றாம் முறை திறக்கப் போனபோது லீட் கையைப் பிடித்தார். "வாதாடாத, காட்டு" என்றார். அதே இடத்தில் விழுந்து எழும் இரண்டு வீடியோ எடுத்தேன். ஒன்றில் குரல் உண்டு, ஒன்றில் இல்லை. பக்கத்து டீமிலிருந்து கேம் தெரியாத ஒரு பெண்ணை உட்கார வைத்துக் காட்டினோம். முதலாவதில் இவன் காப்பாத்துறான் என்றாள். இரண்டாவதில், ஏன் இவன் பாக்கெட்டைத் துழாவுறான் என்று கேட்டாள். அதை அப்படியே ஜிராவில் எழுதி இரண்டு வீடியோவையும் சேர்த்து அனுப்பினேன். அந்த வாரமே 'பி' ஆனது.

லீட் முதல் வாரம் சொன்னது எனக்கு விளங்கியது ரிபப்ளிக் கமாண்டோவை முடித்த பிறகுதான். கடைசி லெவல் காஷ்யீக் என்ற காட்டுக் கிரகம். நால்வரும் நான்கு திசையில் பிரிந்து போரிட வேண்டும். எல்லாம் முடிந்து ஒன்றுசேரும் நேரத்தில் செவ் மட்டும் வருவதில்லை. எதிரிகள் சூழ்ந்துவிட்டதாக அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்துவிடும். திரும்பிப் போய்த் தேட அனுமதி இல்லை, கிளம்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நான் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கேம் அப்படியே முடிந்துவிட்டது.

மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன். "எதுக்கு இப்ப சோகம்? அவன் எத்தனை எதிரியைச் சுட்டான்னா?" என்று கேட்டார் லீட். அது இல்லை. அந்த இரண்டு நாளில் நான் விழுந்ததற்குக் கணக்கே இல்லை. அத்தனை முறையில் பாதியாவது என்னை எழுப்பியது அவன்தான். அவன் விழுந்தபோது எனக்குப் பட்டன் கொடுக்கவில்லை. "இப்ப எழுது, கூட வர்றவன்கிட்ட எதைப் பாக்கணும்னு" என்றார். என் நோட்டில் முதல் வரி, எழுப்பும் விதம். சுடும் திறமை ஐந்தாவதோ ஆறாவதோ.

2013 ஏப்ரலில் லூக்காஸ் ஆர்ட்ஸின் கேம் உருவாக்கும் பிரிவை டிஸ்னி மூடிவிட்டது. செய்தியைப் படித்து உச்சுக்கொட்டினோம். அதற்கு ஏழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை எங்களுக்கும் மெயில் வந்தது. நான்கு வரி. கேம் சோதிக்கத் தந்திருந்த டெவ்கிட் எந்திரங்களைக் காலைக்குள் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். அன்று ராத்திரி வேலை என்று எதுவும் இல்லை. நாலு பேரும் கடைசி பில்டைப் போட்டு அந்தக் கதவு வழியாகப் போய்ப் போய் வந்தோம். ஒரு முறைகூட மாட்டவில்லை. எங்களில் ஒருத்தன் அதற்கு எரிச்சல்பட்டான்.

அப்புறம் ஆளுக்கொரு திசை. லீட் சொந்தமாக மொபைல் கேம் செய்கிறார். நான் பேங்க் சாஃப்ட்வேர் டெஸ்ட் செய்கிறேன், அம்மா சொன்னது ஒருவழியாக உண்மையாகிவிட்டது. போன வருஷம் ஒடிசா பையனின் கல்யாணத்துக்குக் கட்டக் நகரத்துக்குப் போயிருந்தோம். சாப்பாட்டுக் கூடத்தின் வாசல் குறுகல். நானும் லீட்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டோம். "நீங்க போங்கண்ணா" என்றேன். "நீ போ தம்பி" என்றார். ஒரு எட்டு பின்னால் வைத்தோம், சேர்ந்து முன்னால் வந்தோம், மறுபடி பின்னால். மாலையும் கழுத்துமாகப் பின்னால் நின்ற மாப்பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிவிட்டு, இருவரையும் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.