எங்கள் ஊர்த் தூண்களைக் கொழும்பில் பார்த்தேன்

கொழும்புக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் அளுத்கமவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் ஆட்டோக்காரர் கேட்டது நாலாயிரம் ரூபாய். இலங்கை ரூபாய்தான் என்றாலும் அநியாயம். நான் போகவேண்டியது லுனுகங்க, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் தோட்ட வீடு. பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். "லுனுகங்கவா? அங்கே போகிறவர்கள் எல்லாம் கொடுக்கிறார்கள்" என்றார், தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்துக்கொண்டே. அரை மணி நேரம் பேரம் பேசி இரண்டாயிரத்துக்குப் போனேன். திரும்பும்போது தர்கா நகரைச் சேர்ந்த ஒரு நானா (அங்கே முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் சொல்வார்கள்), நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்து, "எழுநூறு தாங்க தங்கச்சி, அது போதும்" என்றார். அப்போதுதான் காலையில் எவ்வளவு ஏமாந்தேன் என்று வயிறு எரிந்தது. இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

பஸ்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் காலை ரயிலைத் தவறவிட்டு, புறக்கோட்டையில் ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினேன். எனக்கும் என் பைக்குமாக இரண்டு டிக்கெட் வாங்க வைத்தார்கள். பை என் மடியில்தான் இருந்தது. முழங்காலை நேராக வைக்க முடியாத இருக்கை, காதைப் பிளக்கும் பாட்டு, இரண்டரை மணி நேரம். கடலோர ரயில்தான் சரி. திரும்பும்போது அதில்தான் வந்தேன். அலை தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே அடித்தது.

செலவுக் கணக்கை முதலில் எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் லுனுகங்கவைச் சொல்லாமல் கணக்கு எழுத மனம் வரவில்லை.

ஜெஃப்ரி பாவா வழக்கறிஞராக இருந்தவர். 1948இல் பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக்கரையில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுனுகங்க. அதைத் தன் மனத்துக்குப் பிடித்தபடி மாற்ற ஆசைப்பட்டு, அதற்கான அறிவு போதவில்லை என்று உணர்ந்து, லண்டனுக்குப் போய்ப் படித்து, 1957இல் 38 வயதில் கட்டடக் கலைஞர் ஆனார். உலகம் அவரை அந்தப் பெயரில்தான் அறியும். என்னைக் கேட்டால், ஓர் இடத்தில் மனிதர் எங்கே உட்காருவார், உட்கார்ந்தால் கண் எங்கே போகும் என்று இவரைப்போல் யோசித்த உள்ளரங்க வடிவமைப்பாளரை நான் பார்த்ததில்லை. லுனுகங்கவில் அதைச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன்.

வீட்டின் தெற்குத் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் புல்மேடு, அதன் உச்சியில் மரத்தடியில் ஒரு பெரிய ஜாடி, அதற்கும் அப்பால் ஏரி, தொலைவில் வெள்ளைத் தாதுகோபம், அதாவது பௌத்தத் தூபி. இயற்கையாக அமைந்த காட்சி என்றுதான் நினைத்தேன். இல்லை. ஏரி தெரியவேண்டும் என்பதற்காக மேட்டின் தலையைச் சீவியிருக்கிறார். நடுவே ஊர்ப்பாதை ஒன்று போகிறது. அதைப் பள்ளத்தில் இறக்கிவிட்டதால், போகிறவர் வருகிறவர் யாரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அரலிய மரக் கிளைகளில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, வேண்டிய பக்கம் வளைத்திருக்கிறார். நாங்கள் ஈழத்தலரி என்று சொல்லும் மரம்தான் அது. ஐம்பது ஆண்டுகள் இதே வேலை!

தோட்டமெங்கும் மேசைகள். காலைக்கு ஓரிடம், மதியத்துக்கு ஓரிடம், மாலைக்கு ஓரிடம். பல மேசைகள் வெறும் சிமென்ட், அந்தந்த இடத்திலேயே வார்த்தவை. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாதம். ஓசையை வைத்தே ஐயா எங்கே இருக்கிறார் என்று பணியாளர் தேநீரோடு வந்துவிடுவாராம். விலை உயர்ந்த மரச்சாமான்களை எதிர்பார்த்துப் போன எனக்கு அந்தச் சிமென்ட் மேசைகள்தான் பிடித்துப்போயின. மழையில் நனைந்து பாசி படர்ந்து, தோட்டத்தோடு சேர்ந்து வளர்ந்தவைபோல இருக்கின்றன.

அதே வளாகத்தில் பத்திக் துணிக் கலைஞர் எனா டி சில்வாவின் வீடும் இருக்கிறது. கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் பாவா அவருக்குக் கட்டிக்கொடுத்த வீடு. நடுவே பெரிய முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். நம் செட்டிநாட்டு வளவு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு உள்ளே நுழைந்ததும் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடும். கொழும்பில் அந்த மனை கைமாறி, வீடு இடிபடவிருந்தபோது, கல், செங்கல், கதவு, ஜன்னல் என்று எண் போட்டுக் கழற்றி இங்கே கொண்டுவந்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு இந்த அளவு மரியாதை கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது.

மதியம் சாப்பாடு. சாலையோரத்தில் ஓலைத் தட்டி போட்ட கடை, பெயர்ப்பலகைகூட இல்லை. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், தேங்காய்ச் சம்பல். அதோடு கறுத்துச் சுருண்டு ஒரு மீன் துண்டு: அம்புல் தியல். சூரை மீனை, அங்கே கொறுக்காப்புளி என்று சொல்லும் குடம்புளியும் மிளகும் போட்டு மண்சட்டியில் நீர் வற்றும்வரை வைப்பது. நம் பக்கத்துக் கருவாட்டுக் குழம்புக்கு அடிமையான நான் அன்று கட்சி மாறிவிட்டேன். இரண்டாவது துண்டு கேட்டேன். அந்த அம்மா காசு வாங்கவில்லை. காலை ஆட்டோக்காரர் மேல் இருந்த கோபம் அங்கேதான் தணிந்தது.

பிறகு பெந்தோட்டை கடற்கரை ஓட்டல். 1969இல் பாவா வடிவமைத்தது; பின்னாளில் புதுப்பிக்கப்பட்டது. அங்கே தங்க என் பட்ஜெட் இடம் கொடுக்காது. ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு வரவேற்புக் கூடத்தில் முக்கால் மணி நேரம் அண்ணாந்து உட்கார்ந்திருந்தேன். தேநீரின் விலை மதியச் சாப்பாட்டைவிட அதிகம். மனப்பூர்வமாகக் கொடுத்தேன், காரணம் அந்த விதானம். முழுக்க எனா டி சில்வாவின் பத்திக் துணி. புதுப்பிக்கும்போது மீண்டும் செய்து பொருத்தியது. துணியில் உருக்கிய மெழுகால் கோலம் எழுதி, சாயத்தில் முக்கி, மெழுகை நீக்கி, அடுத்த நிறத்துக்கு மறுபடியும் மெழுகு எழுதும் வேலை பத்திக். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் நரம்பு நரம்பாக ஓடியிருக்கும். அந்த நரம்புகளும் கைவேலைக்கு ஓர் அடையாளம்.

அந்தக் காலத்தில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. வெளிநாட்டுச் சாமான்களை வாங்கி அறையை நிரப்ப வழியில்லை. பத்திக்கு எனா, கைத்தறிக்குப் பார்பரா சன்சோனி, சிற்பத்துக்கு லக்கி சேனாநாயக்க என்று ஊரிலேயே கைகளைத் தேடிச் சேர்த்தார்கள். பாவா வடிவமைத்து 1982இல் திறந்த நாடாளுமன்றக் கட்டடத்திலும், சபை மண்டபத்தில் தொங்குவது லக்கி செய்த தாளிப்பனை வடிவ வெள்ளி விளக்கு. எல்லாம் கிடைக்கிற நம் ஊரில், புது வீட்டுக்கெல்லாம் ஒரே பளபளப்புப் பலகையை ஒட்டுகிறோம். எனக்கு அதில் கோபம்தான்.

மறுநாள் கொழும்பு, 33ஆவது லேன், 11ஆம் எண் வீடு. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டுதான் போகவேண்டும். கட்டணத்தைக் கட்டியபோது இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். 1958இல் பாவா இங்கே வரிசையாக இருந்த நாலு சிறு வீடுகளில் ஒன்றில் குடியேறினார். பத்து ஆண்டுகளில் நான்கையும் வாங்கி ஒரே வீடாக இணைத்துவிட்டார். கார் நிற்கும் இடத்தைத் தாண்டினால் நீண்ட வெள்ளை நடை. அங்கங்கே கூரை திறந்து மேலிருந்து வெளிச்சம் விழுகிறது. அந்த வெளிச்சத்தில், சிறு தொட்டியின் ஓரத்தில் தூண்கள்.

வழிகாட்டிய பெண் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. செட்டிநாட்டுத் தூண்கள். இடித்த வீடுகளிலிருந்து வாங்கி வந்தவை என்றார்.

எங்கள் ஐயா கட்டிய வீட்டை 2004இல் இடித்தோம். பங்காளிகளுக்குள் ஒத்துவரவில்லை. தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. என் பங்குக்கு வந்த பணத்தில் ஒரு சோபா வாங்கினேன். அது ஆறு ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. கொழும்புத் தூண்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கடல் கடந்தவை, எங்கள் வீட்டுடையவை அல்ல. தெரிந்தும் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. மற்றவர்கள் மாடிக்குப் போய்விட்டார்கள். யாரோ வேண்டாம் என்று கழித்ததை வாங்கி, வீட்டிலேயே நல்ல வெளிச்சம் விழும் இடத்தை அதற்குக் கொடுத்திருக்கிறார் ஒரு மனிதர்.

கடைசியில் பேர்ஃபுட் கடையில் கைத்தறித் துணி ஒன்றரை மீட்டர். பார்பரா சன்சோனி தொடங்கிய கடை அது. மஞ்சளும் கருஞ்சிவப்பும் அடுத்தடுத்து வைக்க அவர்களுக்குத்தான் துணிச்சல் உண்டு. அதோடு பணப்பை காலி. விமான டிக்கெட் தவிர, நாலு நாளுக்கு இந்தியப் பணத்தில் இருபத்திரண்டாயிரம் ஆனது. அந்த ஆட்டோவையும் பஸ்ஸையும் தவிர்த்திருந்தால் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும்.

இரவு பெரியப்பாவுக்குத் தூண்களின் படத்தை அனுப்பினேன். வயது எண்பத்திரண்டு, வீட்டை இடிக்கக் கூடாது என்று கடைசிவரை சொன்னவர் அவர் ஒருவர்தான். உடனே கூப்பிட்டார்.

"எந்த ஊர் வீட்டுத் தூண் ஆத்தா? கேட்டாயா?"

கேட்கவில்லை பெரியப்பா என்றேன். காலை ஆறு மணிக்கு விமானம்.