பட்டத்து இளவரசரும் பின்னலாடையும்
அரச பரம்பரை என்றாலே எனக்குச் சற்று எரிச்சல்தான். இருந்தாலும், 2018 ஆகஸ்டில் டென்மார்க்கின் அன்றைய பட்டத்து இளவரசர் ஃப்ரெடெரிக் குடும்பத்தோடு, டென்மார்க் முடியரசின் கீழ் வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளுக்குப் போன படங்களை விட்டுக் கண் நகர மறுக்கிறது. தாய், தந்தை, நான்கு பிள்ளைகள் எல்லோரும் அந்த மண்ணின் உடையில்! கம்பளிப் பின்னலாடை, மினுங்கும் வெள்ளிப் பொத்தான்கள். ஏழு வயது இரட்டையருக்கும் விலக்கு இல்லை. (அந்த உடையில் ஓடி விளையாட முடியுமா என்பது வேறு கவலை.)

1874-இல் டென்மார்க்கின் ஒன்பதாம் கிறிஸ்டியன் மன்னர், அப்போது தன் ஆட்சியில் இருந்த ஐஸ்லாந்துக்குப் போகும் வழியில் ஃபாரோவில் இறங்கினார். ஐஸ்லாந்துக்குக் கிடைத்தது அரசியல் சாசனம். ஃபாரோவிலோ, மன்னர் வந்துபோனதற்கு தலைநகர் தோர்ஷவ்னில் ஒரு நினைவுத்தூண்! தன்னாட்சி வந்து சேர 1948 ஆகிவிட்டது.