பாலிசியில் எழுதிய கூலியும் ஆணையர் கணக்கிட்ட கூலியும்

எங்கள் பட்டறையில் 7 பேர் வேலை செய்கிறார்கள். 10 பேருக்குக் குறைவு என்பதால் இ.எஸ்.ஐ. என்னும் அரசின் தொழிலாளர் காப்பீடு வராது, 2025 நவம்பர் வரை 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே பொருந்தியது. அதற்கான காப்பீட்டுப் பாலிசியை ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பித்து வந்ததால், 2021-இல் பவர் பிரஸ்ஸில் 30 வயதுத் தொழிலாளி ஒருவர் 2 விரல்களை இழந்தபோது, பணத்தைப் பற்றி மட்டுமாவது கவலைப்பட வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அவர் இந்தச் சட்டப்படி இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணையரிடம் மனுச் செய்தார். நானும் காப்பீட்டு நிறுவனமும் எதிர்மனுதாரர்கள். இழப்பீட்டுக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாதக் கூலியின் உச்சவரம்பான 15,000 ரூபாயில் 60 விழுக்காட்டை, அவருடைய வயதுக்குரிய காரணியான 207.98-ஆல் பெருக்கி, 2 விரல் இழப்புக்கு அட்டவணை சொல்லும் 20 விழுக்காட்டை எடுத்தால் 3,74,364 ரூபாய் வருகிறது. இதில் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு பிரீமியத்தில் வந்தது. பிரீமியம் நாம் அறிவிக்கும் கூலியை வைத்தே கணக்கிடப்படுகிறது. 2020 ஜனவரியில் உச்சவரம்பு 8,000-லிருந்து 15,000 ஆக உயர்ந்த பிறகும், எங்கள் படிவத்தில் பழைய 8,000 ரூபாயே தொடர்ந்து எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து என்னுடையது, கணக்கரைக் குறை சொல்வதில் பயனில்லை. அறிவித்த கூலியளவுக்கே தாங்கள் பொறுப்பு என்று நிறுவனம் பதிலுரை தாக்கல் செய்தது. ஆணையரும் அதை ஏற்று, 1,99,661 ரூபாயை அவர்கள் மீதும், மீதி 1,74,703 ரூபாயை என் மீதும் சுமத்தினார்.

வட்டிக்கான வாதம்தான் நீண்டது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே செலுத்த வேண்டியதாகிறது என்று உச்ச நீதிமன்றம் 1976-இலேயே கூறிவிட்டதால், 12 விழுக்காடு வட்டியை 2 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டபோது 89,847 ரூபாய் ஆனது. வட்டி காப்பீட்டாளரைச் சேரும், தண்டத்தொகை மட்டுமே முதலாளியைச் சேரும் என்ற 1997-ஆம் ஆண்டின் வேத் பிரகாஷ் கார்க் தீர்ப்பை என் வழக்கறிஞர் நம்பிக்கையோடு எடுத்து வைத்தார். ஆனால் அது மோட்டார் வாகனக் காப்பீடு பற்றியது. எதிர்த்தரப்பு 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைக் காட்டியது: வாகனக் காப்பீட்டைப் போல இந்தக் காப்பீடு கட்டாயமானதல்ல, ஆகவே வட்டியைப் பாலிசியில் வெளிப்படையாக விலக்கிக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு. எங்கள் பாலிசியின் 3-ஆம் பக்கத்தில் அந்த விலக்கு இருந்தது. ஆணையர் முன்னிலையில்தான் அதை முதன்முறையாகப் படித்தேன்.

ஒப்புக்கொண்ட தொகையையாவது உடனே கட்டியிருக்கலாமே என்று ஆணையர் கேட்டபோது, காப்பீட்டு நிறுவனம் கட்டும் என்று காத்திருந்ததைத் தவிர என்னிடம் பதில் இல்லை. வட்டியோடு, தாமதத்துக்கான 10 விழுக்காடு தண்டத்தொகையும் என் பங்காயிற்று. மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினால்தான் முதலாளியின் முறையீடு ஏற்கப்படும், அதுவும் சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே. நான் போகவில்லை.

உத்தரவு வந்த ஆண்டு பாலிசியைப் புதுப்பித்தபோது உண்மையான கூலியை எழுதினேன். மருத்துவச் செலவுக்கும் தனி பிரீமியம் கட்டினேன். வட்டியை விலக்கும் அந்த வரி மட்டும் புதிய பாலிசியிலும் அப்படியே இருக்கிறது.