குன்னூர் ஏற 34 பல்

சென்னையில் ரோடு பைக், அதாவது மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கியரைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. ஈசிஆரில் எதிர்க்காற்றுதான் நமக்கு மலை. வண்டியோடு வந்த கேசட்டை, அதாவது பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கை, தேயும்வரை ஓட்டிவிடுவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவது என்று முடிவானதும்தான் நானும் மச்சானும் பல் எண்ண உட்கார்ந்தோம்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் 1,700க்கு மேல், தூரம் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் நாலு சதவீதம் சொச்சம், இவ்வளவுதானா என்று தோன்றும். சராசரியை நம்பாதீர்கள். கல்லாறு வரை ரோடு ஏறக்குறைய சமதளம், ஏற வேண்டியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். மலை ரயிலும் அப்படித்தான், கல்லாறு வரை சாதாரண ரயிலாக ஓடிவிட்டு, அங்கிருந்து தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குன்னூர் ஏறுகிறது. அதன் அதிகபட்ச ஏற்றம் 12க்கு 1, அதாவது 8.33 சதவீதம். 1899லேயே கியர் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்!

நான் கணக்குப் போட்டது இப்படி. ஆளும் வண்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 85 கிலோ, மணிக்கணக்கில் தாக்குப்பிடித்து மிதிக்க முடிவது 160 வாட் என்றால், 8 சதவீத ஏற்றத்தில் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர்தான். இதை எந்த கியரும் மாற்றாது. அந்த 8 கிலோமீட்டருக்குக் கால் எத்தனை சுற்று சுற்றும் என்பதை மட்டும்தான் கியர் தீர்மானிக்கிறது. பழைய ரேஸ் வண்டிகளின் 39/25, அதாவது முன்னால் 39 பல், பின்னால் 25 பல் போட்டால் நிமிடத்துக்கு 41 சுற்று, முன்னால் சின்ன பல்சக்கரம் உள்ள காம்பாக்ட் வண்டியின் 34/28 என்றால் 52, 34/34 என்றால் 63. நாற்பதில் ஒரு மணி நேரம் மிதித்தால் முட்டி கெஞ்சும். அறுபதைத் தாண்டினால் உட்கார்ந்தே, பேசிக்கொண்டே ஏறலாம்.

என் வண்டியில் முன்னால் 50 பல், 34 பல் என்று இரண்டு சக்கரம், பின்னால் 11 பல் முதல் 28 பல் வரை போகும் 11-28 கேசட் இருந்தது. 11-34 மாட்டினேன். பல்லுக்குப் பல் இடைவெளி கூடிவிடும், சமதளத்தில் ஓட்டவே பிடிக்காது என்று பலர் பயமுறுத்தினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 11-28இல் இருந்து 11-34இல் இல்லாதவை 12, 14, அப்புறம் 28. நான் ஈசிஆரில் ஓட்டுவது 30, 33 வேகத்தில், 50/19, 50/17இல். அவை இரண்டு கேசட்டிலும் உண்டு. 14 பல் தேவைப்படுவது நாற்பது கிலோமீட்டர் வேகத்தை நெருங்குகிறவர்களுக்கு, அவர்கள் இந்தக் கட்டுரையையே படிக்கத் தேவையில்லை.

கேசட்டை மட்டும் வாங்கி மாட்டினால் போதாது. செயினைப் பல்லுக்குப் பல் மாற்றிவிடும் பின் டீரெய்லர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஷிமானோ 105 ஆர்7000 டீரெய்லரில் ஷார்ட் கேஜ், அதாவது செயினை இழுத்துப் பிடிக்கும் கை குட்டையானது, 30 பல் வரைதான் எடுக்கும், 34க்கு நீளமான கேஜ் வேண்டும். மச்சானுடையது ஷார்ட் கேஜ், அதனால் அவர் 11-30 போட்டுக்கொண்டு, "நாலு பல்லுல என்ன மாப்ள வந்துடப் போகுது" என்றார். செயினும் நீளம் கூட வேண்டும், இல்லாவிட்டால் முன்னாலும் பின்னாலும் பெரிய சக்கரத்தில் செயின் விழும்போது டீரெய்லரையே பிடுங்கிவிடும். கேசட் உட்காரும் பின் சக்கர ஹப் 11 ஸ்பீடு ரோடு ஹப் என்றால் அந்த 11-34க்குப் பின்னால் 1.85 மில்லிமீட்டர் ஸ்பேஸர் வளையம் வைக்க மறக்காதீர்கள். வைக்காவிட்டால் கேசட் ஆடும்.

விடியற்காலையில் கிளம்பினோம். பர்லியாரில் பழக்கடைகள், குரங்குகள், டீ. அதற்கு மேலேதான் விஷயமே. கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கமாகப் போனால் ஏற்றம் குறையும், ஆனால் பின்னால் வரும் பஸ் அதற்கு இடம் தர வேண்டுமே. உள்ளே ஒதுங்கித்தான் ஏறினேன், உட்கார்ந்தபடியே. மச்சான் ஒவ்வொரு வளைவிலும் எழுந்து நின்று மிதித்தார், முதல் சிலவற்றில் அழகாக, அப்புறம் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு.

இறங்கியது கோத்தகிரி வழியாக. சீசனில் வண்டிகளை ஒருவழியாக்கும்போதும் ஏற குன்னூர், இறங்க கோத்தகிரி என்றுதான் விடுவார்கள். 50/11இல் 90 சுற்று மிதித்தால் 51 கிலோமீட்டர் வேகம் வரும், வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கிற ரோட்டில் முன்னால் 52, 53 பல் சக்கரம் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கோத்தகிரியில் டீ குடிக்க நின்றபோது மச்சான் போனில் லாங் கேஜ் டீரெய்லர் விலை பார்த்துக்கொண்டிருந்தார்.