மழைக்குத் தான் வருது தம்பி

நெட்வொர்க் விட்டு விட்டு விழுறதுக்குக் காரணம்னு, அந்த ராத்திரி மலை மேல சைட்ல நின்ன டெக்னீஷியன் அண்ணன் சொன்னது மொத்தமே நாலு வார்த்தை. "மழைக்குத் தான் வருது தம்பி." அதுக்கு நான் சொன்னது, "மழைன்னா ஓஎஸ்பிஎஃப்பும் சேந்து விழணுமேண்ணே, அது அசையாம நிக்குதே, இது மழை இல்ல." ஓஎஸ்பிஎஃப்னா ரவுட்டருங்க ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கிற முறை. ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இந்த ரெண்டு வரியையும் மனசுல எத்தனையோ தடவை ஓட்டிப் பாத்துட்டேன், ஒவ்வொரு தடவையும் என் பதில் தான் சரியா கேக்குது, அதுதான் தொல்லையே. அந்த ஃபோன் கோல்ல மூணாவதா ஒருத்தர் இருந்திருந்தாலும் என் பக்கம் தான் தலையாட்டியிருப்பாரு.

இலங்கை மலையகத்துல, ஹட்டன்ல இருந்து நோர்வூட் பக்கத்து மலைக்குப் போற மைக்ரோவேவ் லிங்க் அது, கேபிள் இல்லாம ரேடியோவுல போறது. ஆடி மாசம். எல்டிபின்னா பாக்கெட்டுக்கு ஒட்டுற லேபிளை ரவுட்டருங்க தங்களுக்குள்ள பேசி வச்சுக்கிற முறை. அந்த எல்டிபி செஷன் விழும், நாப்பது அம்பது செகண்ட்ல எழும்பும், திரும்ப லேபிள் எல்லாம் பேசி முடிக்கும், பத்து நிமிஷத்துல திரும்ப விழும். அந்த ஒரு நெய்பர், பக்கத்து ரவுட்டர், மட்டும் தான், பைபர்ல இருக்கிற மத்த ரெண்டும் கல்லு மாதிரி நிக்குது. இன்டர்பேஸ் டவுன் ஆகல, பிங் அடிச்சா ஒண்ணு ரெண்டு மட்டும் பதில் வராம புள்ளியா விழுது, அவ்ளோதான். பாக்ஸ், அதாவது மலை மேல இருக்கிற ரவுட்டர், எழும்பி 600 நாளுக்கு மேல ஆச்சு. எனக்கு அந்த நம்பரைப் பாத்ததும் முடிவு வந்துருச்சு, சாஃப்ட்வேர் பழசு, எங்கயோ ப்ரோசஸ் ஒண்ணு சிக்கிக்கிட்டு நிக்குது, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிரும். இந்த வேலைல இருக்கிறவங்க யாரும் இதைப் படிச்சுட்டு சிரிக்க வேணாம், நீங்களும் பண்ணியிருப்பீங்க.

இப்ப தெரிஞ்ச கணக்கு என்னன்னா, லிங்க்ல எல்டிபி 5 செகண்டுக்கு ஒரு ஹலோ அனுப்பும், 15 செகண்ட் எதுவும் வரலன்னா அந்தப் பக்கம் ஆள் இல்லன்னு முடிவு பண்ணிரும், அதோட செஷனையும் மூடிரும். ஓஎஸ்பிஎஃப் 10 செகண்டுக்கு ஒண்ணு அனுப்பும், ஆனா 40 செகண்ட் வரைக்கும் பொறுத்துக்கும். அப்ப மழை ஒரு இருபது செகண்ட் ஊத்திட்டு விட்டா? எல்டிபி செத்துரும், ஓஎஸ்பிஎஃப்புக்கு நடந்ததே தெரியாது. மைக்ரோவேவ் ரேடியோவுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல கேபிள் நல்லா தான இருக்கு, அதனால இன்டர்பேஸும் அப்லயே நிக்கும். 15ம் 40ம் எனக்குத் தெரியாத நம்பரா? இன்டர்வியூல கேட்டப்ப ஒப்புவிச்ச நம்பர். அந்த நேரத்துல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கத் தோணல, அவ்ளோதான். அண்ணனுக்கு அந்த நம்பர் எதுவும் தெரியாது, தகரக் கூரையில விழுற சத்தம் தெரியும்.

சரி, அன்னைக்கு அண்ணன் பாக்ஸோட பவரை நிறுத்தின சுவிட்ச், பிரேக்கர், அதுக்கு வர்றேன். நான் இங்க இருந்தே ரீலோட் கொமாண்ட் அடிச்சிருக்கலாம். அடிக்கல. அதுக்கு என்கிட்ட நல்ல காரணம் ஒண்ணு இருக்கு, ரிமோட்ல அடிச்சு பாக்ஸ் எழும்பலன்னா அந்த மழைல மலைக்கு ஆள் அனுப்பணும், அண்ணன் பெட்டரி மாத்த ஏற்கனவே மேல நிக்கிறாரு, கையாலயே ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா கொன்சோலையும் பக்கத்துல இருந்து பாத்துக்கலாம். இது உண்மை. ஆனா ரீலோட் அடிக்கணும்னா சேஞ் டிக்கெட் போடணும், ராத்திரி பதினொன்றரைக்கு மனேஜரை எழுப்பணும், லொக்ல என் யூசர்நேம் விழும், இதுவும் உண்மை. இந்த ரெண்டுல எது முதல்ல மனசுல வந்துச்சுன்னு சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல. இல்லன்னா ஞாபகம் இல்லாத மாதிரி நானே வச்சுக்கிட்டேனோ.

"பிரேக்கரை இறக்கவா தம்பி?"

"இறக்குங்கண்ணே."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, மழை மட்டும் கேக்குது. அப்புறம் மறுபடியும், "நீங்க சொன்னா இறக்குறேன்."

"சொல்றேன், இறக்குங்க."

ரவுட்டர் எழும்பிச்சு. ஓஎஸ்பிஎஃப் மூணு பக்கமும் வந்துச்சு, தூரத்து ரவுட்டருங்களோட வழி பேசுற பிஜிபியும் வந்துச்சு, நானும் உள்ள லொகின் பண்ணிட்டேன், "சரிண்ணே, டீ குடிங்க"ன்னு கூட சொல்லிட்டேன். ரெண்டு நிமிஷத்துல எல்லா போனும் அடிக்குது. ஏடிஎம் இல்ல, தோட்ட ஒபிஸ் லைன் இல்ல, ஃபேக்டரி லைன் இல்ல. பிங் போகுது, லேபிளை நம்பி ஓடுற கஸ்டமர் விபிஎன் மட்டும் எதுவும் போகல. பாத்தா எல்டிபி செஷன் ஒண்ணு கூட இல்ல, நல்லா இருந்த பைபர் ரெண்டும் சேத்து போச்சு.

ஆக்ஸஸ் லிஸ்ட்டா, பாஸ்வேர்டான்னு தேடினேன், எல்டிபி பேசுற டிசிபி போர்ட் 646 ஐ யாராவது அடைச்சுட்டாங்களான்னு பாத்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல இதுலயே போச்சு. கடைசில தான் டிஸ்கவரி பாத்தேன், எல்டிபி யார் யாரைக் கண்டுபிடிச்சிருக்குன்னு காட்டுற லிஸ்ட். ஹலோ போகுது, வருது. பக்கத்து ரவுட்டர்ல நின்னு பாத்தா இந்த பாக்ஸோட ஐடிக்கு நேரா 'ரூட் இல்ல'ன்னு நிக்குது. ஐடி 172ல ஆரம்பிக்குது. எங்க லூப்பேக், அதாவது ரவுட்டர் தனக்குள்ளயே வச்சுக்கிற அட்ரஸ், எல்லாம் 10ல தான் ஆரம்பிக்கும். அந்த இடத்துல வயிறு ஒரு மாதிரி ஆச்சு பாருங்க, ஏன்னா அந்த 172 யார் போட்டதுன்னு எனக்குத் தெரியும். நாலு மாசம் முன்னாடி மொனிட்டரிங் டெஸ்ட் ஒண்ணுக்கு நான் தான் புது லூப்பேக் போட்டேன், டெஸ்ட் முடிஞ்சு எடுக்க மறந்துட்டேன்.

நாங்க வச்சிருக்கிற பாக்ஸ்ல, எந்த லூப்பேக்கை எடுக்கணும்னு நாமளா சொல்லலன்னா எல்டிபி இருக்கிறதுலயே பெரிய அட்ரஸைத் தன் பேரா எடுத்துக்கும். ஆனா ஓடிக்கிட்டு இருக்கும்போது மாத்திக்காது, அடுத்த தடவை எழும்பும்போது தான் மாத்தும். அதனால நாலு மாசமா ஒண்ணும் தெரியல. எழும்பினதும் 172ஐப் பேரா வச்சுக்கிச்சு, அது ஓஎஸ்பிஎஃப்ல இல்ல, அக்கம்பக்கத்துல யாருக்கும் அதுக்கு வழி தெரியாது. இதுல இன்னொரு கூத்து, ரெண்டு பேர்ல அட்ரஸ் பெரிசா இருக்கிறவன் தான் டிசிபி கோல் எடுக்கணும். அப்ப இவன் புதுப் பேரை வச்சுக்கிட்டு எல்லாரையும் கூப்பிடுறான், அவங்களுக்குக் கேக்குது, ஆனா திருப்பிப் பதில் சொல்ல வீட்டு விலாசம் தெரியல.

ஒரு வரி கொமாண்ட். லூப்பேக் 0ஐ எடுத்துக்கோ, கடைசில ஃபோர்ஸ். இருபது செகண்ட்ல எல்லாம் வந்துருச்சு. மொத்தம் ஒரு மணி ஐம்பது நிமிஷம்.

எல்டிபியையும் ஓஎஸ்பிஎஃப்பையும் சேத்துக் கட்டுற எல்டிபி ஐஜிபி சிங்க் போட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்கன்னு ஒருத்தர் அப்புறம் சொன்னாரு. 2009ல வந்த ஆர்எஃப்சி 5443ங்கிற நெட்வொர்க் ஆவணத்துல இருக்கிற விஷயம் தான, லேபிள் செஷன் இல்லாத லிங்க்குக்கு ஓஎஸ்பிஎஃப் கொஸ்ட்டை உச்சத்துக்கு ஏத்தி ட்ராஃபிக்கை வேற பக்கம் தள்ளி விடும். மழை விழுந்த அந்த ஒரு லிங்க்குக்கு அது சரி. பாக்ஸ்ல இருக்கிற மூணு செஷனும் ஒண்ணா போனா எந்தப் பக்கம் தள்ளும்? இதை அவர்கிட்ட ரொம்ப நேரம் வாதாடினேன். அன்னைக்கு நான் ஜெயிச்ச ஒரே வாதம் அது தான்.

ரிப்போர்ட் இங்கிலீஷ்ல எழுதணும். நான் எழுதினதோட சாரம் இது: சைட்ல பவர் ஆஃப் ஆகி ஆன் ஆனதுக்கு அப்புறம் எல்டிபி ரவுட்டர் ஐடி மாறிருச்சு, கொன்பிக்ல ஐடி ஃபிக்ஸ் பண்ணப்படாம இருந்துச்சு, இப்ப பண்ணியாச்சு. ஒரு வார்த்தை பொய் இல்ல. கொன்பிக்ல லூப்பேக் எப்படி வந்துச்சுன்னு ஃபோர்ம்ல கேக்கல, நானும் எழுதல. 'நடவடிக்கை எடுத்தவர்'னு ஒரு கட்டம் இருக்கு, பவர் வரிக்கு நேரா 'சைட் டெக்னீஷியன்'னு டைப் பண்ணினேன். பிரேக்கரைத் தொட்டது அவர் கை தான? டைப் பண்ணிட்டு ஒரு நிமிஷம் கேர்சரைப் பாத்துட்டே இருந்தேன், அது மட்டும் ஞாபகம் இருக்கு.

ரெண்டு வாரம் கழிச்சு அண்ணன் கோல் எடுத்தாரு. "தம்பி, ஒரு லெட்டர் வந்துருக்கு, மகளை வாசிக்கச் சொன்னேன், விளக்கம் எழுதித் தரச் சொல்லி இருக்காம். நான் என்னா எழுதணும்?"

"நடந்ததை எழுதுங்கண்ணே."

நான் சொன்னது இவ்ளோ தான். நல்லா யோசிச்சுத் தான் சொன்னேன், அவர் என் பேரை எழுதினா எழுதட்டும், எழுதினா நானும் ஆமான்னு சொல்லிர்றதுன்னு இருந்தேன். ஆனா நானாப் போய் சொல்லல. ரெண்டும் ஒண்ணு இல்லன்னு இப்ப தெரியுது, அப்பவும் தெரிஞ்சிருக்கும்.

அவர் எழுதிக் குடுத்ததை ஃபைல்ல பாத்தேன். மகள் கையெழுத்து, கொப்பிப் பேப்பர், அழகான தமிழ். 'பெட்டரி மாற்றும்போது தவறுதலாகக் கை பட்டுவிட்டது, இனி கவனமாக இருப்பேன்.' கீழ அவர் சைன்.

என்னைக் காப்பாத்த எழுதினாரா, இல்ல 'நடந்ததை எழுதுங்க'ன்னு நான் சொன்ன மாதிரியிலயே அவருக்கு எதை எழுதணும்னு புரிஞ்சுருச்சா? முப்பது வருஷமா தோட்டத்துலயும் கொம்பனிலயும் மேல இருக்கிறவங்ககிட்ட பேசிப் பழகின மனுஷன், குரலைக் கேட்டே கண்டுபிடிச்சிருப்பாரு. இல்ல நான் தான் ரொம்ப யோசிக்கிறேனா, வேலை போகாம இருக்க சுலபமான வழி இதுன்னு எழுதினாரோ என்னவோ. வேலை போகல, ஒரு வோர்னிங்கோட முடிஞ்சுருச்சு. இந்த 'முடிஞ்சுருச்சு'வை நான் எனக்கே நிறைய தடவை சொல்லிக்கிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் அவர் சட்டைப் பையில எப்பவும் இருக்கிற சின்ன நோட்டைக் கேட்டேன். ஏன்னு கேக்காம பக்கம் பக்கமா வட்ஸ்அப்ல போட்டு அனுப்பினாரு. பென்சில்ல தேதி, நேரம், 'மழை', 'பலத்த மழை', ஒரு இடத்துல 'மழை இல்லை, காற்று'. அவங்க அப்பா தோட்ட ஒபிஸ் பக்கத்துல மழை அளக்கிற வேலை பாத்தவராம், பழக்கம் அங்க இருந்து வந்தது. அந்த மாசம் 11 வரி இருந்துச்சு, என் லொக்ல எல்டிபி விழுந்த நேரத்தோட வச்சுப் பாத்தேன், 9 பொருந்துது. ரேடியோவோட ரிசீவ் லெவலும் அந்த நேரங்கள்ல தான் கீழ போயிருக்கு.

அந்த லிங்க்ல இப்ப செஷன் ப்ரொட்டெக்ஷன் போட்டிருக்கேன், லிங்க் ஹலோ போனாலும் அந்த ரவுட்டர் அட்ரஸுக்கே நேரா அனுப்புற டார்கெட்டட் ஹலோ 90 செகண்ட் வரைக்கும் தாங்கும், செஷன் விழாது. சேஞ் டிக்கெட்ல காரணம்னு இருக்கிற இடத்துல 'மழை'ன்னு தான் போட்டேன். யார் சொன்னதுன்னு போட அங்க கட்டம் இல்ல.

போன வாரம் சாயங்காலம் அவர்கிட்ட இருந்து கோல். "மழை பிடிச்சுருச்சு தம்பி, பாத்துக்குங்க." ஸ்க்ரீனைப் பாத்தேன், லிங்க் ஹலோ போய்ப் போய் வருது, செஷன் நிக்குது. "சரிண்ணே, பாத்துக்கிறேன்"னு சொன்னேன். லெட்டரைப் பத்தி கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பக்கம் மழைச் சத்தம் கூடிருச்சு, "கேக்குதா தம்பி, கேக்குதா"ன்னாரு, கேக்குதுன்னேன், லைன் கட் ஆயிருச்சு.