முப்பதில் ஒன்பது: பிட்ஸ்பர்க்கில் ஒரு மழை நாள்

சனிக்கிழமை ராத்திரி ஒஹாயோவில், கொலம்பஸ் வீட்டுக்குள் நுழையும்போது மணி இரண்டேகால். கையில் இருந்த பேஸ்பால் ஸ்கோர் கார்டு ஓரமெல்லாம் நனைந்து, ஆறாவது இன்னிங்ஸ் கட்டங்களில் பென்சில் எழுத்து ஈஷியிருந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நாலு மூலையிலும் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுக்கப் போனேன். ஒன்பதாவது மைதானம் முடிந்தது. இன்னும் இருபத்தொன்று பாக்கி.

கணக்கு இதுதான். மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். 29 அமெரிக்காவில், ஒன்று கனடாவின் டொரன்டோவில். முப்பது அணிகளின் சொந்த மைதானத்திலும் தலா ஒரு ஆட்டம் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ஓடித் தொட வேண்டிய பேஸ்களுக்கு நடுவே 90 அடி, பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். இது எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. ஆனால் சுவர் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் என்பது ஊருக்கு ஊர் வேறு. 1912 இல் திறந்த பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கச் சுவர் 37 அடி உயரம். சிகாகோ ரிக்லி ஃபீல்டில் செங்கல் சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கும். பந்து அதற்குள் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார், பேட்டருக்கு இரண்டு பேஸ். இதையெல்லாம் டிவியில் ஆயிரம் தடவை பார்க்கலாம். ரிக்லியில் அந்த இலைகள் காற்றில் அசைவதை நேரில் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

எனக்கு நானே வைத்துக்கொண்ட விதிகள் இரண்டு. கடைசி அவுட் விழும்வரை எழுந்து போகக் கூடாது. ஆட்டம் முழுவதையும் ஸ்கோர் கார்டில் என் கையால் எழுத வேண்டும். வெளியே நின்று ஒரு படம் எடுத்துவிட்டு எண்ணிக்கையில் சேர்ப்பவர்களும் உண்டு. அவரவர் விருப்பம், எனக்கு அது ஒட்டவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஆபீஸ் ஆட்களோடு போய் ஐந்தாவது இன்னிங்ஸில் கிளம்பி வந்தேன், அதனால் அது கணக்கில் இல்லை. திரும்பப் போக வேண்டும்.

அதைவிட வலிப்பது கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து. நாலு வருஷம் ஃப்ரீமான்டில் குடியிருந்தோம். பார்ட் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் காலிசியம் நிலையம், அங்கிருந்து ஒரு நடைபாலம் நேரே மைதானத்துக்கு. ஆபீஸ் போகிற நாளெல்லாம் ரயில் ஜன்னல் வழியாக அந்தக் கான்கிரீட் வட்டத்தைப் பார்ப்பேன். பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்துவிட்டேன். 1968 முதல் அங்கே ஆடிக்கொண்டிருந்த ஏ'ஸ் அணி 2024 செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டது. இப்போதைக்கு சாக்ரமென்டோவில் ஒரு சின்ன மைதானம், அப்புறம் லாஸ் வேகஸ் என்று திட்டம். அந்தக் கடைசி ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அன்று ராத்திரிதான் முப்பது பெயரையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அதுவரை மூன்றுதான் பார்த்திருந்தேன்.

சரி, பிட்ஸ்பர்க்குக்கு வருகிறேன்.

பிட்ஸ்பர்க் என்றாலே இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பென் ஹில்ஸ் பெருமாள் கோயில்தான். 1976 இல் வந்த கோயில், கொலம்பஸிலிருந்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கும்பகோணத்திலிருந்து என் மாமனார் வந்து ஒரு மாதம் ஆகிறது. அவரை அங்கே கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். காலையில் தரிசனம், சாயங்காலம் ஆட்டம் என்று என் மனைவியிடம் சொன்னபோது, "அப்பாவுக்கு ஒரு மண்ணும் புரியாது, மூன்று மணி நேரம் எப்படி உட்காருவார்?" என்று கவலைப்பட்டாள். எனக்கும் அந்தக் கவலை இருந்தது.

ஆனால் மாமா ஊரில் கிளப் கிரிக்கெட்டுக்கு இருபது வருஷம் ஸ்கோர் எழுதியவர். காரில் போகும்போது வெற்று ஸ்கோர் கார்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதுல டாட் பால் எங்க போடறது?"

"பந்துக்குப் பந்து எழுத வேண்டாம் மாமா. ஒரு பேட்டர் ஒரு தடவை வந்து போனால் ஒரு கட்டம்."

"அப்ப ஓவர்?"

"ஓவரே கிடையாது. மூன்று அவுட் விழுந்தால் பக்கம் மாறும்."

இந்த எழுத்துமுறையைப் பரப்பியவர் ஹென்றி சாட்விக். 1824 இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்தவர், நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர். அப்புறம்தான் பேஸ்பால் பக்கம் வந்தார். நம் ஸ்கோர் புக்கைப் பழகிய ஒருவர்தான் இதையும் வகுத்தார் என்று சொன்னதும் மாமா கார்டை மடியில் நேராக வைத்துக்கொண்டார். ஃபீல்டில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு: பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல், இரண்டாவது, மூன்றாவது பேஸ்காரர்கள் 3, 4, 5, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளி மைதானத்து மூவர் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாவது பேஸுக்குப் போட்டு, அவர் முதல் பேஸுக்குப் போட்டு ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் ஆனால் 6-4-3. மூன்று ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறிய, அல்லது அடிக்காமல் விட்ட சரியான பந்து) வாங்கி அவுட் என்றால் ஆங்கில எழுத்து 'கே'. மட்டையைச் சுழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே 'கே'வைத் திருப்பிப் போட வேண்டும். கோயில் வாசலில் இறங்கும்வரை மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

தரிசனம் முடிந்து, கீழே புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு, ஆட்டத்துக்கு நேரம் இருந்ததால் வழியில் ஒரு இடத்தில் நிறுத்தினேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு பழைய செங்கல் சுவர் நிற்கிறது. 1909 முதல் 1970 வரை பிட்ஸ்பர்க்கின் பைரட்ஸ் அணி ஆடிய ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் மிச்சம் அது. மைதானத்தை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் வந்துவிட்டன. சுவரின் ஒரு துண்டும், ஒரு கட்டடத்துக்குள்ளே தரையில் கண்ணாடிக்கு அடியில் ஹோம் பிளேட்டும் மட்டும் இருக்கின்றன. 1960 அக்டோபர் 13, லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 9-9. பைரட்ஸின் பில் மஸராஸ்கி அடித்த பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டிப் போனது, எதிரணியான நியூயார்க் யாங்கீஸ் தோற்றது. ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் ஜனங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தச் சுவரடியில் உட்கார்ந்து, அன்றைய வானொலி வர்ணனையை முதலிலிருந்து போட்டுக் கேட்கிறார்கள்.

"கிரவுண்டே இல்ல. சுவரை வெச்சுக்கிட்டு கமென்ட்ரி கேக்கறாங்களா?" என்றார் மாமா.

"ஆமாம் மாமா."

அவர் பதில் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றாத குறையாகச் சுவர் பக்கம் போய், வெயிலில் சூடேறியிருந்த செங்கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். செங்கல் இடுக்குகளில் சுண்ணாம்பு உதிர்ந்து, அங்கங்கே கொடி ஏறியிருந்தது. இந்தப் பேட்டையின் பெயரும் ஓக்லாந்துதான். நான் தவறவிட்ட ஓக்லாந்தில் இப்படி ஒரு துண்டுச் சுவராவது மிஞ்சினால் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

பைரட்ஸின் இப்போதைய மைதானமான பி.என்.சி பார்க்குக்குப் போகிறவர்கள் காரை ஆற்றுக்கு இந்தப் பக்கம், டவுன்டவுனிலேயே விட்டுவிடுங்கள். ஆட்ட நாளில் ராபர்டோ கிளெமென்டே பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஆட்களை மட்டும் விடுகிறார்கள். மஞ்சள் பாலம், கீழே அலெகெனி ஆறு, பாலம் முடிகிற இடத்தில் மைதானம். பாலத்துக்குப் பெயர் கொடுத்த பைரட்ஸ் ஆட்டக்காரர் கிளெமென்டே போர்ட்டோ ரிக்கோக்காரர், 3,000 ஹிட் அடித்தவர். 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் சிக்கிய நிகரகுவா மக்களுக்கு உதவிப் பொருள் எடுத்துப்போன விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். அவருடைய எண் 21. அதனால்தான் மைதானத்தின் வலப்பக்கச் சுவர் 21 அடி உயரம். அவருடைய சிலையின் அடியில், அவர் சிறுவயதில் ஆடிய மைதானம், ஃபோர்ப்ஸ் ஃபீல்ட், அதற்குப் பிறகு வந்த த்ரீ ரிவர்ஸ் மைதானம், மூன்றின் மண்ணையும் பதித்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது பேஸ் பக்கம், மேல் அடுக்கு. இந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் ஆறும் பாலமும் எதிரே நகரத்துக் கட்டடங்களும் கண்ணுக்கு நேரே விழும். விலை அதிகமான கீழ் வரிசையைவிட இதுவே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. பைரட்ஸின் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் வீசுவார் என்று ஆசைப்பட்டேன். அன்று அவர் முறை இல்லை. ஐந்தாறு நாளுக்கு ஒருதடவை வீசுபவரை நம் விடுமுறையோடு பொருத்துவது கஷ்டம்தான்.

முதல் ஐந்து இன்னிங்ஸ் மாமா என் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவதில் ஒரு இரட்டை அவுட் விழுந்ததும், நான் பென்சிலை எடுப்பதற்குள் "ஆறு, நாலு, மூணு!" என்று கத்தினார். முன் வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அவர் மடியிலும் ஒரு கார்டு. பியரோகி வேஷம் போட்டவர்கள் ஓடும் ஓட்டப்பந்தயம் என் மனைவிக்குப் பிடித்திருந்தது. பியரோகி என்றால் உருளைக்கிழங்கோ சீஸோ வைத்து மடித்த, நம் சோமாசி வடிவத்துப் பண்டம். வேகவைத்து வெங்காயத்தோடு வதக்கித் தருகிறார்கள், வாங்கிச் சாப்பிடலாம்.

ஆறாவதில் மழை பிடித்தது. நடுவர் கையைக் காட்டியதும் பதினைந்து இருபது பேர் ஓடிவந்து, பெரிய குழாயில் சுற்றிவைத்திருந்த தார்ப்பாயை உருட்டிக்கொண்டே விரித்தார்கள். காற்று அதை நடுவில் ஊதித் தூக்க, இரண்டு பேர் அப்படியே மேலே விழுந்து அமுக்கினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிட்டதால், ஆட்டத்தை அங்கேயே நிறுத்தினாலும் லீக் கணக்கில் அது முழு ஆட்டம். என் கணக்கில்?

கூட்டத்தில் பாதி கிளம்பிவிட்டது. மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும், போகலாமா என்று மனைவி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "இரும்மா, இன்னும் ஆல் அவுட் ஆகல" என்றார். கூரைக்கடியில் ஒரு மணி இருபது நிமிஷம் நின்றோம். மழை விட்டதும் தார்ப்பாயை மடித்து இழுத்து, தேங்கிய தண்ணீரை மொத்தமாக வெளிப்புல்லில் கொட்டினார்கள். அது ஒரு பெரிய அலை மாதிரி சரிந்து போனது. ஈரமான மண்ணில் செங்கல்தூள் போல எதையோ தூவி ரேக் போட்டார்கள். "நாங்க மரத்தூள் போடுவோம்" என்றார் மாமா.

ஏழாவதிலிருந்து எனக்குக் கை விறைத்துவிட்டது. பென்சிலை அவரிடம் கொடுத்தேன். தப்பில்லாமல் எழுதினார். பைரட்ஸ் இரண்டு ரன் பின்தங்கியிருந்தது, ஒன்பதாவதில் இரண்டு பேர் பேஸில். கடைசி பேட்டர் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், நடுவர் அவுட் கொடுத்தார். மாமா அவசரப்படாமல் கடைசிக் கட்டத்தில் 'கே'வைத் திருப்பிப் போட்டு, கீழே கோடு கிழித்தார்.

இரண்டாவது விதியைத் திருத்திவிட்டேன்: குடும்பத்தில் யார் கையெழுத்தும் செல்லும்.

செலவு: மூன்று டிக்கெட்டும் பார்க்கிங்கும் சேர்த்து நூறு டாலருக்குள், பெட்ரோல் தனி. 2023 இல், இத்தனை விநாடிக்குள் வீச வேண்டும் என்று பிட்சருக்குக் கடிகாரம் வைத்த பிறகு ஆட்டங்கள் பெரும்பாலும் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிகின்றன, அதனால் மழை இல்லாத நாளில் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஸ்கோர் கார்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்துப்போங்கள். நான் இனி மறக்க மாட்டேன்.

அடுத்து பால்டிமோர், வாஷிங்டன், பிலடெல்ஃபியா மூன்றையும் ஒரே சுற்றில் முடிக்க நினைத்திருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டேன். கன்சாஸ் சிட்டியின் காஃப்மன் ஸ்டேடியம் 1973 இல் திறந்தது, அங்கே ஆடும் ராயல்ஸ் புது மைதானத்துக்குப் போகும் முயற்சியில் இருக்கிறது. பத்து மணி நேர ஓட்டம். மாமா ஊருக்குக் கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இடது மைதானத்துக்கு நேரே, மூன்றாவது பேஸ் பக்கம், மேல் அடுக்கில் மூன்று சீட் எடுத்துவிட்டேன்.