காலர் மைக்

2021 தேர்தலில் குமரி மாவட்டத்தில் ஆளுக்கு இரண்டு ஓட்டு. சட்டமன்றத்துக்கு ஒன்று, எம்.பி.யாக இருந்த வசந்தகுமார் கொரோனாவில் இறந்ததால் வந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலுக்கு இன்னொன்று. எந்த மேடைக்குப் போனாலும் துறைமுகப் பேச்சுதான். 2016-ல் இதே மாவட்டத்து இனயத்துக்கு என்று மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் கொடுத்து, பிறகு கன்னியாகுமரி அருகே கோவளம், மணக்குடி பக்கம் நகர்ந்த அதே சரக்குப் பெட்டகத் துறைமுகம். கடற்கரை ஊர்கள் கொதித்துக்கொண்டிருந்தன.

"அது வராது" என்று, டிவி நிருபரான எனக்கு பைட் (செய்தியில் போடும் சின்னப் பேட்டி) கொடுத்தவரின் கட்சியும் பெயரும் இங்கே வேண்டாம். நன்றாகவே பேசினார். முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டபடி, "ஆறாம் தேதி கழியட்டும் மக்கா, அப்புறம் துறைமுகத்தை எவன் நினைச்சிட்டு இருக்கப்போறான்" என்றார். காலர் மைக் அவர் சட்டையில்தான் இருந்தது. ரெக்கார்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனை ஒரு கையால் அழுத்திக்கொண்டு கேமராமேன் என்னைப் பார்த்தார்.

முதல் பகுதியை மட்டும் வெட்டி செய்தி டெஸ்க்குக்கு அனுப்பினேன்.

பேட்டி முடிந்தது என்று நினைத்து ஒருவர் வாய்தவறிச் சொன்னதைப் போடுவது முறையில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதோடு, இந்து-கிறிஸ்தவ மோதலாக வெடித்த 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பெரியவர்கள் இன்னும் மறக்காத மாவட்டம் இது. சாயங்காலம் டிவியில் வரும் ஒரு வரி, ராத்திரிக்குள் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் சண்டையாகிவிடும். சென்னையில் ஏசி அறையில் விவாதம் நடத்துகிறவர்களுக்கு அது புரியாது.

ஆனால் அவர் வாய்தவறித்தான் சொன்னாரா? பைட்டில் சொன்னதுதான் மனப்பாடம். மனசில் இருந்தது பின்னால் வந்தது. அதைக் கேட்க உரிமை உள்ளவர்கள் மணக்குடியில் மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவரம் வரும் என்று அந்த நேரத்தில் உண்மையிலேயே யோசித்தேனா, வெட்டிய பிறகு காரணம் தேடினேனா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் மாவட்ட நிருபருக்கு, கூப்பிட்டால் போனை எடுக்கும் நாலு கட்சிக்காரர்கள்தான் பிழைப்பு. அவர் முதல் ரிங்கிலேயே எடுப்பவர். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேமராமேன் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் டீ குடிக்கும்போது, "பேட்டரி தீர்ந்துட்டுன்னு நினைச்சுக்கிடுங்க சார்" என்றார். ஆறுதலா கிண்டலா, தெரியாது.

2024-ல் நாடாளுமன்றத் தேர்தலோடு விளவங்கோடு இடைத்தேர்தலும் சேர்ந்து வந்தது. அந்தக் கட்சிக்காரரைத் தேடிப் போனேன். பக்கத்தில் இருந்த புது நிர்வாகி மைக்கைப் பார்த்துத் தயங்கினார். அவர் என் தோளில் கைபோட்டு, "தைரியமா பேசும். இவரு நம்ம ஆளுதான்" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏழு மணி செய்திக்கு பைட் வேண்டியிருந்தது.